‘எதை எழுதுவது... எங்கே அனுப்புவது?’ - கதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விருதுநகர் மாவட்டத்தில் மேலாண்மறைநாடு என்று ஒரு கிராமம். அந்த ஊரில் சின்னதாக ஒரு கடை வைத்துப் பிழைத்தவர் அவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. கையில் பட்டம் இல்லை, சென்னையில் ஆள் இல்லை, பத்திரிகை ஆபீஸில் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால், தன்னைச் சுற்றியிருந்த கரிசல்காட்டு விவசாயிகளின் வாழ்க்கையைக் கதையாக எழுதி எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். ‘செம்மலர்’ போன்ற இலக்கிய இதழ்களிலும், லட்சக்கணக்கானோர் படிக்கும் வார இதழ்களிலும் அவர் கதைகள் வந்தன. 2007-ல் ‘மின்சாரப்பூ’ சிறுகதைத் தொகுப்புக்காக அவருக்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட மேலாண்மை பொன்னுச்சாமிதான் அவர்.

கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இரண்டு. ஒன்று, “எதை எழுதுறது? எனக்குன்னு ஒண்ணும் தோண மாட்டேங்குதே!” இரண்டாவது, “எழுதிட்டேன். இதை எங்கே அனுப்புறது? யாரு போடுவாங்க?”

இரண்டுக்குமே பதில் பெரும்பாலும் நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கரு, நாம் தினமும் நிற்கிற இடத்தில் இருக்கிறது. அதை வெளியிடும் இடம், நாம் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பக்கங்களில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே பல கதைகள் போனின் ‘நோட்ஸ்’ பகுதியில் தூங்குகின்றன. இன்னும் சில கதைகள், அவசரத்தில் தவறான கையில் போய் மாட்டிக்கொள்கின்றன.

நிற்கிற இடத்திலேயே இருக்கிறது கரு

தமிழில் பேசப்பட்ட பல நாவல்களை எடுத்துப் பாருங்கள். எழுதியவர் எங்கே வேலை பார்த்தார், எங்கே வளர்ந்தார் என்பது அதில் தெரியும்.

அசோகமித்திரன் சுமார் 14 ஆண்டுகள் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். சினிமா உலகில் திரைக்குப் பின்னால் அல்லாடும் மனிதர்களைப் பற்றி அவர் எழுதிய நாவல்தான் ‘கரைந்த நிழல்கள்’. குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும் சென்னைப் பெண்களைப் பார்த்தவர் ‘தண்ணீர்’ எழுதினார். தண்ணீர்ப் பஞ்சத்தை எல்லோரும்தான் பார்த்தார்கள். அவர் அதற்குள் இரண்டு சகோதரிகளைப் பார்த்தார்.

பெருமாள்முருகனின் அப்பா சினிமா தியேட்டரில் சோடாக்கடை நடத்தியவர். அந்த தியேட்டரைச் சுற்றியே வாழும் பையன்களின் உலகம் ‘நிழல்முற்றம்’ நாவலானது. சு.தமிழ்ச்செல்வி வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களை ‘அளம்’ நாவலில் கொண்டுவந்தார். துப்புரவுப் பணி செய்கிறவர்களின் வாழ்க்கையைச் சொன்ன ‘தூப்புக்காரி’ நாவலுக்காக, கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த மலர்வதி 2012-ல் சாகித்ய அகாடமியின் யுவ புரஸ்கார் விருது பெற்றார்.

“இதெல்லாம் கிராமத்துக் கதை. நான் ஐ.டி-யில கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். எனக்கு என்ன இருக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. 2021-ல் அதே யுவ புரஸ்கார் பெற்ற கார்த்திக் பாலசுப்ரமணியனின் ‘நட்சத்திரவாசிகள்’, முழுக்க முழுக்க ஐ.டி நிறுவனத்துக்குள் நடக்கும் நாவல்.

இவர்கள் யாரும் கருவைத் தேடி வேறு ஊருக்கு பஸ் ஏறவில்லை. வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரியும் என்பதைக் கண்டுகொண்டார்கள். உப்பளத்தில் காலில் ஏறும் எரிச்சல், தியேட்டரில் இடைவேளை மணி அடித்ததும் சோடா விற்கும் பையன் ஓடும் ஓட்டம், வேலை போகும் நாளில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நிற்பது... அங்கே இருந்தவருக்கு இவையெல்லாம் சாதாரணம். படிப்பவருக்கு அப்படியல்ல.

சம்பவம் வேறு... கதை வேறு!

பார்த்ததை அப்படியே எழுதினால் கதையாகிவிடுமா? புதிதாக எழுத வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரேஷன் கடை. வரிசையில் ஓர் ஆச்சி. ஐம்பது வருடம் பீடி சுற்றிய விரல்கள். ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. கருவியில் விரலை வைத்தால் ‘பீப்’ சத்தம் மட்டும்தான் வருகிறது.

“ஆச்சி, ரேகை விழமாட்டேங்கு. வேற விரல வைங்க.”

“பத்து விரலும் வச்சாச்சுய்யா.”

கடைக்காரருக்கு ஆச்சியை இருபது வருடமாகத் தெரியும். ஆனால், மெஷினுக்குத் தெரியவில்லை.

இது மனதைத் தொடும் சம்பவம். ஃபேஸ்புக்கில் போட்டால் நிறைய லைக் விழும். ஆனால், இன்னும் இது கதை ஆகவில்லை. ஏனென்றால், இதில் யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது இதோடு இன்னொன்றைச் சேருங்கள். ரேகை விழாவிட்டால், கார்டில் பதிவு செய்த செல்போன் நம்பருக்கு ஓ.டி.பி வரும். அதைச் சொன்னால் அரிசி வாங்கிக்கொள்ளலாம். அந்த நம்பர், சென்னையில் இருக்கும் மகனுடையது. ஒரு சொத்துத் தகராறில் அம்மாவும் மகனும் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

“அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க ஆச்சி. நம்பர் வரும், சொல்லச் சொல்லுங்க” என்கிறார் கடைக்காரர். பின்னால் வரிசை நீள்கிறது.

ஆச்சி போன் செய்வாளா? அரிசி வேண்டாம் என்று பையை மடித்துக்கொண்டு போய்விடுவாளா? இல்லை, அம்மா சொல்லாமலேயே ஓ.டி.பி போய்ச் சேர்ந்துவிட்ட அந்த மகன், அதைப் பார்த்துவிட்டு என்ன செய்வான்?

இப்போது கதை தொடங்கிவிட்டது. ஒரு மனிதருக்கு ஏதோ ஒன்று வேண்டும். அதற்குக் குறுக்கே ஏதோ ஒன்று நிற்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எந்தச் சம்பவத்தையும் இந்த மூன்றோடு உரசிப் பார்க்கலாம். மூன்றில் ஒன்று இல்லை என்றால், அதைத்தான் கற்பனையில் சேர்க்க வேண்டும். கதையில் கற்பனையின் வேலையே அதுதான்.

கரு சேர்க்க நான்கு பழக்கங்கள்

1. நாளுக்கு ஒரு வரி: டைரி எழுதச் சொன்னால் பத்து நாளில் அலுத்துவிடும். அன்றைக்குக் கேட்ட ஒரே ஒரு பேச்சு, பார்த்த ஒரே ஒரு காட்சி... அதை மட்டும் போனில் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். ஒரு வருடத்தில் 365 வரிகள். அவற்றில் பத்து தேறினாலே ஒரு சிறுகதைத் தொகுப்பு.

2. சொல்லைச் சேமியுங்கள்: கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமத்து விவசாயி கி.ராஜநாராயணன், கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே உருவாக்கினார். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிப் பேச்சு உண்டு. மீன் மார்க்கெட்டில், தறிப்பட்டறையில், ஆஸ்பத்திரி வார்டில், கோர்ட் வாசலில் புழங்கும் சொற்கள் ஆளையும் இடத்தையும் சட்டென்று கண்முன் நிறுத்தும்.

3. இரண்டு துண்டுகளை ஒட்டிப் பாருங்கள்: ரேகை விழாத ஆச்சி ஒரு துண்டு. பேசாத மகன் வேறொரு துண்டு. தனித்தனியாகக் கிடந்தவரை இரண்டுமே கதை இல்லை. குறிப்பு நோட்டில் ஜனவரி மாதத்து வரியையும் ஆகஸ்ட் மாதத்து வரியையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

4. சொந்தக்காரர் கதை என்றால் நிதானம்: பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஊர், தொழில், வயது, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் அப்படியே இருந்தால், தெருவே அடையாளம் கண்டுவிடும். யாரையும் புண்படுத்தாமல் உண்மையைச் சொல்ல வேண்டுமானால் ஊரை மாற்றுங்கள், உறவை மாற்றுங்கள். சித்தியின் வலியை ஒரு மேலதிகாரிக்குக் கொடுத்துப் பாருங்கள். கதை பல நேரம் இன்னும் நன்றாகவே வரும்.

எங்கே அனுப்புவது?

முன்பு கேட்டிருந்தால் பதில் எளிது. பெட்டிக்கடையில் தொங்கும் வார இதழ்களை எண்ணினாலே போதும். இன்று அச்சு இதழ்களில் கதைக்கான பக்கங்கள் குறைந்திருக்கின்றன. ஆனால், வேறு பல கதவுகள் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு கதவும் வேறு மாதிரி கதையைக் கேட்கும். அதே ஆச்சியின் கதையை ஒவ்வோர் இடத்துக்கும் எப்படி எழுதலாம் என்று பார்ப்போம்.

வார, மாத இதழ்கள்: எல்லா வயதினரும், எல்லா வகை வாசகர்களும் படிக்கும் இடம். இடம் குறைவு என்பதால் கதை நேராக ரேஷன் கடை வரிசையிலேயே தொடங்க வேண்டும். சொத்துத் தகராறு ஒரே வசனத்தில் புரிந்துவிட வேண்டும். பண்டிகைச் சிறப்பிதழ்களும் தீபாவளி மலர்களும் கதைகளுக்கு இடம் தருபவை. அவை பல வாரங்களுக்கு முன்பே தயாராகிவிடும். தீபாவளிக் கதையை ஐப்பசியில் அனுப்பினால் தாமதம், ஆடியிலேயே அனுப்பிவிட வேண்டும்.

இலக்கிய இதழ்கள்: 1965-ல் டெல்லியில் தொடங்கிய ‘கணையாழி’, ‘காலச்சுவடு’, ‘உயிர்மை’ என்று இதற்கு ஒரு நீண்ட மரபு உண்டு. இங்கே கதை இன்னும் நீளமாக, மெதுவாக நடக்கலாம். ஆச்சி போன் செய்தாளா இல்லையா என்று சொல்லாமலேயேகூட முடிக்கலாம். சன்மானம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆனால், உங்கள் கதையைக் கவனமாகப் படிக்கும் சக எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் இருப்பது இங்கேதான்.

இணைய இதழ்கள்: 2009-ல் தொடங்கிய ‘சொல்வனம்’, அதற்கும் முன்பிருந்தே வரும் ‘திண்ணை’, மலேசியாவிலிருந்து வரும் ‘வல்லினம்’ என்று பல. பக்கக் கட்டுப்பாடு கிடையாது. திருநெல்வேலியில் எழுதும் கதையை டொரொன்டோவில் ஒருவர் அன்றைக்கே படித்துவிடுவார்.

தொடர்கதைச் செயலிகள்: 2014-ல் பெங்களூருவில் தொடங்கிய ‘பிரதிலிபி’யில் தமிழுக்குப் பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. இங்கே ஆசிரியர் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், நீங்களே பதிவேற்றலாம். ஆச்சியின் கதை இங்கே முப்பது அத்தியாயமாக விரியும். மருமகளுக்கு ஓர் அத்தியாயம், சொத்துத் தகராறுக்கு ஐந்து அத்தியாயம். ஒவ்வோர் அத்தியாயமும் ‘அடுத்து என்ன?’ என்று இழுக்க வேண்டும். சொன்ன நாளில் அடுத்த பகுதி வராவிட்டால் வாசகர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

கிண்டில்: அமேசானின் கிண்டில் தளத்தில் செலவில்லாமல் மின்னூல் வெளியிடலாம். ராயல்டி 35% அல்லது 70%. இந்தியாவில் விற்கும் நூலுக்கு 70% கிடைக்க வேண்டுமானால் ‘கே.டி.பி செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். அதில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறு எந்தத் தளத்திலும் வைக்கக் கூடாது. இலவசமாகக்கூட வைக்கக் கூடாது. செயலியில் ஏற்கெனவே போட்ட தொடர்கதையைக் கிண்டிலுக்குக் கொண்டுபோகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

போட்டிகள், விருதுகள்: ‘கல்கி’யின் பெயரில் நடந்த சிறுகதைப் போட்டி மாதிரி, இதழ்கள் நடத்தும் போட்டிகள் பல புதிய பெயர்களை அறிமுகம் செய்திருக்கின்றன. இதழ்களில் வந்த கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பரிசளித்துப் பெயர் பெற்ற அமைப்பு, 1970-ல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’. புத்தகம் வெளியிட்ட 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு, 50,000 ரூபாய் பரிசுத் தொகை கொண்ட யுவ புரஸ்கார் இருக்கிறது.

இத்தனையில் முதலில் எங்கே அனுப்புவது? நீங்கள் எதை விரும்பிப் படிக்கிறீர்களோ அங்கே! படிக்காத இதழுக்குக் கதை அனுப்புவது, முகம் தெரியாதவருக்குச் சட்டை தைப்பது மாதிரி. அந்த இதழில் கடைசியாக வந்த நான்கு கதைகளை எடுத்துப் படியுங்கள். எத்தனை வார்த்தை இருக்கிறது, எப்படித் தொடங்குகிறது, எந்த மாதிரி மனிதர்கள் வருகிறார்கள் என்று கவனியுங்கள். அளவு தெரிந்துவிடும்.

அனுப்புவதற்கு முன்...

ஒரு காலத்தில் இதழ்களின் கடைசிப் பக்கங்களில் ஓர் அறிவிப்பு இருக்கும். கதை பிரசுரமாகாவிட்டால் திரும்பப் பெற, போதிய தபால் தலை ஒட்டிய, சுய விலாசமிட்ட உறையை இணைக்கச் சொல்வார்கள். சொந்தக் கையெழுத்தில் எழுதிய அந்த உறையே திரும்பி வந்தால், பிரிக்காமலேயே விஷயம் தெரிந்துவிடும். இப்போது உறை இல்லை, மெயில்தான். ஆனால், அடிப்படை ஒழுங்குகள் மாறவில்லை.

* கதையை யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு ஃபைலாக அனுப்புங்கள். பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அனுப்பினால், திறப்பவர் கண்ணுக்கு வெறும் கிறுக்கலாகத் தெரியலாம். நோட்டில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புவது வேண்டவே வேண்டாம்.

* இதழ் சொல்லும் வார்த்தை அளவைத் தாண்டாதீர்கள். 1,000 வார்த்தை கேட்ட இடத்துக்கு 2,500 வார்த்தை அனுப்பினால், யாரோ ஒருவர் வெட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையை நீங்களே செய்வது நல்லது.

* மெயிலில் கதையைப் பற்றிய விளக்கவுரை தேவையில்லை. பெயர், முகவரி, போன் நம்பர், கதையின் தலைப்பு, வார்த்தை எண்ணிக்கை போதும். ‘இது என் சொந்தக் கற்பனை, வேறு எங்கும் வெளியாகவில்லை, வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை’ என்ற உறுதிமொழியைச் சேர்த்துவிடுங்கள்.

* அந்த உறுதிமொழியை மீறாதீர்கள். ஒரே கதை ஒரே வாரத்தில் இரண்டு இதழ்களில் வந்துவிட்டால், இரண்டு கதவுகளும் மூடிக்கொள்ளும். ஃபேஸ்புக்கிலோ வலைப்பூவிலோ முழுக் கதையையும் போட்டுவிட்டால், அதையும் ‘வெளியான கதை’ என்றே பல இதழ்கள் கணக்கில் வைக்கும். ஆசையை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

* அனுப்பும் முன் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். வாய் தடுக்கும் இடத்தில் வாசகரும் தடுக்கி விழுவார்.

பதிலே வரவில்லையா?

புதியவர்களை அதிகம் நோகடிப்பது, நிராகரிப்பைவிட மௌனம்தான். கதை போய்ச் சேர்ந்ததா, யாராவது படித்தார்களா, எதுவும் தெரியாது. ஒரு கதைக்குப் பதில் வரவில்லை என்பதற்காகவே எழுதுவதை நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு.

இதற்கு மருந்து ஒரு சின்ன நோட்டு. அதில் நான்கு கட்டம் போடுங்கள். கதையின் பெயர், அனுப்பிய தேதி, அனுப்பிய இடம், முடிவு. இதழே காத்திருக்கும் காலத்தைச் சொல்லியிருந்தால் அதுவரை பொறுங்கள். சொல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து மரியாதையாக ஒரு மெயில் அனுப்பிக் கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், ‘கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

இடைப்பட்ட மூன்று மாதத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், இரண்டாவது கதையை எழுதுங்கள். நோட்டில் ஒரே ஒரு வரி இருந்தால் அந்த ஒரு பதில் உயிரை எடுக்கும். ஏழு வரி இருந்தால் மனம் ஓரளவு சமாதானமாக இருக்கும்.

கி.ராஜநாராயணனின் பேரைச் சொன்ன முதல் கதை ‘மாயமான்’, ‘சரஸ்வதி’ இதழில் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். சாகித்ய அகாடமி விருது வந்தது 1991-ல். தாமதமாகிவிட்டதே என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

காசு எந்தப் பக்கம் போகிறது?

சிறுகதை எழுதி மட்டும் குடும்பம் நடத்துவது தமிழில் மிகக் கடினம். சுஜாதா பெங்களூரு பெல் நிறுவனத்தில் இன்ஜினீயர். வண்ணதாசன் வங்கி ஊழியர். இமையம் பள்ளி ஆசிரியர். பெரிய எழுத்தாளர்களே மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டுதான் எழுதினார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆசை அதிகமாகவும் வழி தெரியாமலும் இருக்கும் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. ‘வாழ்த்துகள்! உங்கள் கதை எங்கள் தொகுப்புக்குத் தேர்வாகியிருக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். சந்தோஷத்தில் வீடே துள்ளும். அடுத்த செய்தியில், சான்றிதழுக்கும் கேடயத்துக்கும் புத்தகப் பிரதிக்கும் இவ்வளவு கட்டுங்கள் என்று ஒரு தொகை இருக்கும்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. காசு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பதிப்பாளரிடமிருந்து எழுத்தாளருக்கு வந்தால் அது பதிப்பு. எழுத்தாளரிடமிருந்து போனால் அது அச்சுக்கூலி. சொந்தக் காசில் புத்தகம் போடுவது தவறில்லை, பலர் தெரிந்தே செய்கிறார்கள். ஆனால், ‘தேர்வு’ என்ற பெயரில் அச்சுக்கூலி கேட்டால் உஷாராகிவிட வேண்டும்.

சொந்தச் செலவில் போடுவதாகவே முடிவெடுத்தால், நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பிரதி அச்சாகும்? அதில் என் கைக்கு எத்தனை வரும்? மீதியை எந்தக் கடைகளில், எந்தப் புத்தகக் காட்சிகளில் வைப்பீர்கள்? விற்ற கணக்கை எப்போது தருவீர்கள்? பதில் எழுத்தில் வரட்டும். ஐ.எஸ்.பி.என் எண்ணுக்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால், ஒரு விஷயத்தை நினைவுபடுத்துங்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளரே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன்

ஆச்சியின் கதை ஒரு இதழில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் போன் செய்கிறார். “கதை பிரமாதம். குறும்படம் பண்றோம். இந்த பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க!”

அந்த பேப்பரில் ‘அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக’ என்று இருந்தால், நாளைக்கு அதே கதை சினிமாவானாலும், வெப் சீரிஸானாலும், இந்தியில் போனாலும் உங்களால் எதுவும் கேட்க முடியாமல் போகலாம். முதல் கதை வந்த பூரிப்பில் பலர் இதைப் படிப்பதில்லை.

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. கதையை எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. வேண்டுமானால் 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொள்ளலாம். எழுத்தாளரின் ஆயுளுக்கும், அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நீடிக்கும். வீடு, நிலம் மாதிரி பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் சொத்து அது.

உரிமையை மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டில் என்று குறிப்பிடாவிட்டால், இந்தியாவுக்குள் மட்டும். ஆனால், ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று எழுதியதில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், இந்த இரண்டு பாதுகாப்பும் உதவாது.

அதனால் மூன்று விஷயங்களைப் பிரித்துக் கேளுங்கள். எந்த வடிவத்துக்கு உரிமை கேட்கிறார்கள்... எத்தனை ஆண்டுகளுக்கு... எவ்வளவு தொகைக்கு? ‘தமிழ்க் குறும்படம் ஒன்றுக்கு மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு’ என்று எழுதிக் கேட்டால், நல்ல எண்ணத்தோடு வந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அதுவே ஒரு பதில்தான். செயலிகளில் ‘ஏற்கிறேன்’ என்ற பட்டனைத் தட்டுவதும், போட்டிக்குக் கதை அனுப்புவதும்கூட இதே மாதிரிதான். ‘அனுப்பப்படும் கதைகளின் உரிமை நிறுவனத்துக்கே’ என்ற வரி விதிமுறைகளில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பரிசு கிடைக்காத கதையின் உரிமையும் சேர்ந்தே போய்விடக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்?

போனில் பாதி எழுதிய கதை ஒன்று இருக்கிறதா? திறந்து பாருங்கள். அதில் யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே என்ன நிற்கிறது, அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று மூன்று வரி எழுதுங்கள். எழுத முடிந்தால் கதை இருக்கிறது, முடித்துவிடலாம். பிறகு, வீட்டில் கிடக்கும் ஏதாவது ஓர் இதழை எடுத்து, கதை அனுப்ப வேண்டிய முகவரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நோட்டில் முதல் கட்டத்தில் தேதி போடுங்கள்.

மேலாண்மை பொன்னுச்சாமி 2017-ல் மறைந்தார். ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு கடைக்காரரின் கதைகளை எந்தப் பத்திரிகை போடும் என்று அவர் யோசித்து நின்றிருந்தால், மேலாண்மறைநாடு என்ற ஊரே நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது.

ரேஷன் கடையில் ஆச்சி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். வரிசை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் போனை அவள் பக்கம் நீட்டுகிறார்.

அவள் வாங்குகிறாளா, இல்லையா? அதை எழுத வேண்டியது நீங்கள்தான்.